நாலாவது குழல்விளக்கு

மார்க்கம் வீதிக் கடையில்
எனக்குப் பதினோரு வருசம்.
நெஞ்சில் குத்திய அட்டையில் தவம் என்றிருக்கும்.
தவமலர் என்று எழுத இடம் போதாதாம்.

பெப்ரவரி, ஒரு திங்கட்கிழமை.
பின்னறையில்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும்
பனிச்சப்பாத்துகள் வடிகிற தட்டுக்கும் நடுவே
ஒரு சுழல்கதிரை போட்டு
ஒவ்வொருவராய்க் கூப்பிட்டார்கள்.
பயிற்சி தர வந்தவள் மெலனி.
நீச்சல்காரரின் கண்ணாடி போல, ஆனால் செங்கல் கனத்தில் ஒன்றை
என் கொண்டைக்கு மேலால் மாட்டிவிட்டாள்.
"ஆறு நிமிசம். ஏலாவிட்டால் கையை உயர்த்துங்கோ."

உள்ளே இன்னொரு கடை.
குளிர்பெட்டிகள் லொறி போல உறுமின.
வெளிச்சம் விட்டு விட்டுக் குத்தியது.
எங்கேயோ யாரோ சாவிக்கொத்தை ஆட்ட
அது என் பல்லுக்குள் கேட்டது.
மீன் பகுதியின் மணம் மட்டும் இல்லை.
குனிந்து பார்த்தால் என் கை
ஒன்பது வயதுக் கை.

பீப். வரிசை நகர்ந்தது. பீப்.
பிறகு காசாளர்.
பச்சை மேலங்கி.
உதடு முதலில் அசைய, குரல் பிந்தி வந்தது:
பை வேணுமா, பை வேணுமா, புள்ளி அட்டை இருக்கா,
இருக்கா, என்ன தம்பி கதைக்க மாட்டீரா.
ஒன்றுக்குப் பதில் தேட முன்னம் அடுத்தது.
பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.
எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

கையை உயர்த்தினேன்.
கழற்றினால், உருளைக்கிழங்கு மூட்டை
தன் பாட்டில் இருந்தது.
"இப்ப விளங்குதுதானே" என்றாள் மெலனி.
படிவத்தில் ஐந்து நட்சத்திரம்.
நாலுக்கு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு விளங்கியது வேறு.
மார்கழியில், மூன்றாம் கவுண்டரில்
ஒரு பிள்ளை நிலத்தில் படுத்துக் காதைப் பொத்தினான்.
ஆரூரன், ஆரூரன் என்று தாய் கூப்பிட்டுக்கொண்டே நின்றா.
வரிசையில் ஒன்பது பேர்.
நான் தமிழில், மெல்லத்தான் சொன்னேன்:
"வீட்டில விட்டிட்டு வந்திருக்கலாமே அக்கா."
பால் பையை பெல்ட்டிலேயே விட்டுவிட்டுப் போனா.
அதைத் திரும்பக் கொண்டுபோய்
குளிர்பெட்டியில் வைத்தது நான்.

அந்தப் பச்சை மேலங்கி
நான் ஞாயிறு ஞாயிறாய்த் துவைக்கிறது.

பங்குனியில் வந்தார்கள்.
செவ்வாய் காலை, டேரன் அரைவாசி விளக்கை அணைத்து
பாட்டை நிறுத்திவைக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில்.
பீப் சத்தத்தைக் குறைத்தேன்.
அதற்கொரு பொத்தான் இருக்கிறது;
பதினோரு வருசமாய் இருந்திருக்கிறது.
பை வேணுமா என்று கேளாமல் பையைத் தூக்கிக் காட்டி
பேசாமல் நின்றேன்.
அவன் பையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
என் தலைக்கு மேலே பார்த்தான்.
"நாலாவது" என்றான். "நாளைக்குச் செத்திடும்."

"லைட்டைச் சொல்றான்" என்றா தாய்
அவசரமாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

நிமிர்ந்து பார்த்தேன்.
எரிகிற குழல் எல்லாம் ஒரே வெள்ளை.
காதைக் கொடுத்தேன். எனக்கொன்றும் இல்லை.
அவனோ வாயைக் கொஞ்சம் திறந்து
தகரக் கூரையில் மழை கேட்கிறவன் போல
அதன் கீழே நின்றான்.
ஒரு கை மட்டும் படபடத்தது.
பயத்தில் இல்லை.

மெலனியின் கண்ணாடிக்குள்
எல்லா விளக்கும் குத்தியது.
எந்த விளக்கு என்று அது சொல்லவில்லை.
இப்படி நின்று கேட்கலாம் என்றும் சொல்லவில்லை.

பால் பையை இரண்டு தரம் சுற்றிக் கொடுத்தேன்.
மார்கழியைப் பற்றி அவ கதைக்கவில்லை.
நானும்.

புதன்கிழமை அது சாகவில்லை.
வியாழன் பின்னேரம், ஒருவருக்கு வெண்டிக்காய் நிறுக்கும்போது
டிக் என்று போனது.
டேரன் ஏணியோடு வந்து புதுக் குழல் மாட்டினான்.
கடை வெறிச்சிருந்த நேரம் பார்த்து
அதற்குக் கீழே போய் நின்றேன், கழுத்து உளையுமட்டும்.

செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள்.